கப்பலேறிய மஞ்சள் முடிச்சு

ஒரு தொழிலின் பாஷையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டவன் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. எங்கள் வீட்டில் ஆறு மாதம் யாரும் அப்படிச் சாப்பிடவில்லை. அந்த அரைகுறை வேறு யாருமல்ல, நானேதான்.

கோவை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தேன். ஏற்றுமதி வணிகம் என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். (மொத்தமே ஒன்பது பேர்தான் அந்தப் பாடத்தை எடுத்திருந்தோம். யாராவது கேட்டால் ஒழிய இதை நானாகச் சொல்வதில்லை.) அதுவரை கப்பலை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கப்பல் சரக்குத் தொழிலில் புழங்கும் அத்தனை சொற்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததுதான் என் நோய்.

அந்தச் சமயம் அம்மாவின் தம்பி மூன்று நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்து ஒன்பது நாளாக எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். பத்தாம் நாள் காலை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்.

“மாமா, உங்க ஃப்ரீ டேஸ் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சுங்க. இப்ப டெமரேஜ் ஓடிட்டிருக்குது.”

அவருக்குப் புரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். துறைமுகத்தில் வந்து இறங்கும் கண்டெய்னரை எடுத்துப் போகச் சில நாள் இனாமாகக் கொடுப்பார்கள், அதற்கு மேல் அங்கேயே கிடந்தால் நாள்வாரியாக வாடகை போடுவார்கள், அந்த வாடகைக்குப் பெயர்தான் டெமரேஜ் என்று நிறுத்தி நிதானமாக விளக்கினேன். மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது. சென்னிமலைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் என்பவர் விசைத்தறி கம்பெனி வைத்திருந்தார். போர்வையும் துண்டும் அவர் சரக்கு. வருஷக்கணக்காக மும்பையில் யாரோ வாங்கி, அவர்கள் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக மெல்போர்னில் கடைகள் வைத்திருக்கும் ஹெலன் என்ற அம்மையார் நேராக இவருக்கே ஆர்டர் கொடுத்திருந்தார். கிறிஸ்துமஸ் விற்பனைக்கான சரக்கு. சரியாகப் போய்ச் சேர்ந்தால் வருஷா வருஷம் ஆர்டர், சொதப்பினால் பழையபடி மும்பைதான். அந்தக் கண்டெய்னருக்கான காகித வேலைகளைப் பார்க்க என்னை எடுத்தார்கள்.

சென்னியப்பன் சாருக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது எஃப்.ஓ.பி. என்பது. தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏறும் வரைக்கும் பொறுப்பு நமக்கு, ஏறிய பிறகு வாங்குபவருக்கு. இதற்குப் படமெல்லாம் வரைந்து முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்கு ஏந் தம்பி இத்தன பேச்சு? பொண்ணுக்குத் தாலி கட்டிக் கார்ல ஏத்தி உடற வரைக்கும் நம்ம சோலி. அப்பறம் மாப்பள ஊட்டுக்காரங்க பாத்துக்குவாங்க. அவ்வளவுதான?”

அவ்வளவுதான். என் முக்கால் மணி நேரத்தை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்ததில் எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆஸ்திரேலியாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேக்கிங் டிக்ளரேஷன் என்று பெயர். வைக்கோல் வைத்துக் கட்டவில்லை, மரப்பட்டை வைத்துக் கட்டவில்லை, கண்டெய்னர் சுத்தமாக இருக்கிறது, உள்ளே மண்ணோ செடி கொடியோ விலங்கு சம்பந்தப்பட்ட பொருளோ இல்லை என்று உறுதிமொழி. அவர்கள் நாட்டில் வெளிப் பூச்சி ஒன்று நுழைந்தால் விவசாயமே போய்விடும் என்ற பயம். கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை நான் கேட்டு வாங்கினேன். (யாரும் கொடுக்கவில்லை, கேட்டு வாங்கினேன். இதை நினைவில் வையுங்கள்.) பச்சை மையில் போட்டேன்.

முதலாளியின் மனைவி மரகதம்மாதான் கம்பெனியின் பாதி. துணி சரி பார்ப்பது, ஆட்களுக்குச் சம்பளம் போடுவது, பூஜை செய்வது எல்லாம் அவர். முதல் கண்டெய்னர் வருகிறது என்றதும் மாவிலைத் தோரணம், வாழைக் கன்று, தேங்காய், எலுமிச்சை, பூசணிக்காய் என்று ஒரு கல்யாணத்துக்கான சாமான் வாங்கி வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டி, டிக்ளரேஷனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவு ஆற்றினேன்.

“பூஜை பண்ணுங்க. வேண்டாங்கல. ஆனா கண்டெய்னருக்கு வெளியில, பத்தடி தள்ளிப் பண்ணுங்க. உள்ளுக்கு ஒரு எல கூடப் போகக் கூடாதுங்க. ஒரு பூ இதழ் போனாக் கூட நாடே நம்மளத் திருப்பி அனுப்பிரும்.”

மரகதம்மாவின் முகம் வாடிவிட்டது. “செரிங் கண்ணு. படிச்சவங்க நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, எல்லாவற்றையும் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். தேங்காய் உடைத்தபோது ஒரு சில்லு தெறித்து வந்ததை அவரே ஓடிப்போய் எடுத்தார். கண்டெய்னர் வாசலில் உதிர்ந்து கிடந்த மாவிலையைத் தன் முந்தானையில் பொறுக்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். அன்றைய என்னை இன்று நேரில் பார்த்தால் நானே இரண்டு வைப்பேன்.

இந்த இடத்தில் என் அம்மா வருகிறார்.

முந்தின நாளே அம்மா சென்னிமலை ஏறி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். அன்று காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு மஞ்சள் துணி முடிச்சை நீட்டினார்.

“மொத மொத உங்கையால அனுப்பற பெட்டி கண்ணு. சாமிகிட்ட வெச்சு வாங்கியாந்திருக்கறேன். உள்ளுக்கு ஒரு மூலைல வெச்சுப்போடு.”

“அம்மா, இதுல என்ன இருக்குது?”

“மஞ்சக் கெழங்கு, எலுமிச்சம்பழம், ஒரு புடி நெல்லு, அரளிப்பூவு. வேறென்ன இருக்கும்?”

ஆஸ்திரேலியா பயப்படும் அத்தனையும் ஒரே முடிச்சில் இருந்தது. சட்டத்தை எடுத்துச் சொன்னேன். “சட்டமெல்லாம் மனுசனுக்குத்தான. முருகனென்ன பூச்சியா?” என்றார். முடியவே முடியாது என்று கத்திவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாத நாட்களில்தான் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால், தயிர்ச்சாத டப்பாவுக்கு அடியில் முடிச்சு.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மேசை டிராயரில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மதியத்துக்கு மேல் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஏற்றிய அட்டைப்பெட்டிகளை எண்ணினால் காகிதத்தில் எழுதியதைவிட ஒன்று குறைகிறது. மறுபடி எண்ணினோம், மறுபடியும் ஒன்று குறைவு. லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். தூத்துக்குடியில் சரக்கு வாங்குவதை நிறுத்தும் நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். மூன்றாம் தடவை எண்ணும்போது கணக்குச் சரியாக வந்தது. (முதல் இரண்டு தடவையும் நான் எண்ணினேன். மூன்றாம் தடவை மரகதம்மா எண்ணினார்.)

எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். கதவை மூடி சீல் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த ஒரு நிமிஷத்தில், பத்துப் பேருக்கு முன்னால் இலை கூடக் கூடாது என்று முழங்கிய நான், சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த முடிச்சை எடுத்து, கதவை ஒட்டியிருந்த கடைசி வரிசை அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். கும்பிட்டேன். பிறகு சீலைப் போட்டேன். இருபதடிக் கண்டெய்னரில் ஒரு கைக்குட்டை அளவு முடிச்சு யார் கண்ணில் படும் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் கண்ணுக்கு நேராக இருக்கும் ஒரே இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எம்.பி.ஏ.வில் அதைச் சொல்லித்தரவில்லை.

முப்பது சொச்சம் நாள் கழித்து ஹெலனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கிடங்கில் ஆட்கள் கதவைத் திறந்ததும் மூடிவிட்டார்களாம். உள்ளே செடிப் பொருள்களும் உயிருள்ள பூச்சிகளும் இருந்தனவாம். அரசாங்க அதிகாரிகள் கண்டெய்னரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், மருந்தடித்து முடியும் வரை ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது, கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

நான் முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். முதலாளி என்னைச் சந்தேகப்படவே இல்லை. நேராக மனைவியிடம் போனார்.

“அத்தன தடவ தம்பி சொல்லுச்சில்ல? கேட்டயா நீ? எலயையும் பூவையும் உள்ள தள்ளிப்போட்டயா?”

“ஏனுங்க, நா வெக்கலீங்க. முருகன் மேல சத்தியமா நா வெக்கலீங்க.”

“பின்ன ஆரு வெச்சாங்க? தம்பி வெச்சுதா?”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மரகதம்மா அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, மறுநாளும் திறக்கவில்லை. இந்தக் கதையில் மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த ஒன்றரை நாளை மட்டும் இன்றைக்கும் வெட்கமில்லாமல் சொல்ல முடியவில்லை.

வாயைத் திறப்பதற்குப் பதிலாக நான் என் சொற்களிடம் ஓடினேன். ஹெலனுக்கு ஒரு நீளமான பதில் தயாரித்தேன். நமது ஒப்பந்தம் எஃப்.ஓ.பி., சரக்கு கப்பல் ஏறியதோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது, அதன் பிறகு நேர்ந்தது எல்லாம் உங்களைச் சேர்ந்தது என்று மடக்கி மடக்கி எழுதி, அனுப்பும் முன் முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, பொண்ணு கார் ஏறிட்டா நம்ம பொறுப்பில்லதான். ஆனா சீர்ப் பொட்டிக்குள்ள நாமளே பாம்ப வெச்சு அனுப்பிப்போட்டு, கார் ஏறியாச்சு, உங்க பாடுன்னு சொன்னா செருப்புல அடிக்க மாட்டாங்களா?”

படமில்லாமல், முக்கால் மணி நேரமில்லாமல், எஃப்.ஓ.பி. எதற்குச் செல்லும் எதற்குச் செல்லாது என்பதை வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு ஒருவர் புரிய வைத்தார். அந்தப் பதிலை அழித்தேன்.

அந்த மறுநாள் மத்தியானம் ஹெலனின் இரண்டாவது மின்னஞ்சல். இந்தத் தடவை படங்கள். முதலாளி எல்லாவற்றையும் கலரில் பிரின்ட் போடச் சொன்னார். பிரின்டர் மரகதம்மாவின் மேசையில் இருந்தது. நான் ஓடுவதற்குள் முதல் தாள் அவர் கைக்குப் போய்விட்டது.

மஞ்சள் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அளவுகோல். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தார்கள். ஒன்று, சுருங்கிப்போன எலுமிச்சை. இரண்டு, நெல், அதில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டுகள். மூன்று, காய்ந்த பூ. நான்கு, மஞ்சள் கிழங்கு. சாதாரணக் கிழங்கு அல்ல. இருட்டிலும் புழுக்கத்திலும் கடல் தாண்டிய அந்தக் கிழங்கு ஒரு விரல் நீளத்துக்கு வெளுப்பாக முளை விட்டிருந்தது. எங்கள் ஊர் மஞ்சளுக்கு மண் தேவையில்லை, வாய்ப்புக் கிடைத்தால் போதும். ஐந்தாவதாக, கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம், மொழி தெரியவில்லை என்று அதிகாரிகள் குறித்திருந்தார்கள்.

அர்ச்சனையில் ஐயர் என் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று அம்மா எப்போதும் எழுதியே கொடுப்பார். அந்தச் சீட்டையும் முடிச்சில் வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. மரகதம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தறிச் சத்தத்தையும் தாண்டி எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

“செந்தில்குமார். துலா ராசி. விசாக நட்சத்திரம். பெட்டி பத்திரமாப் போய்ச் சேரோணும். பையனுக்குக் கோவம் கொறையோணும். இவம் பேசறதப் பொறுத்துக்கற பொண்ணா அமையோணும்.”

படித்து முடித்ததும் ஒருவர் போய்த் தறியை நிறுத்தினார். (ஏன் நிறுத்த வேண்டும்? ஓடினால் என்ன?) மின்னஞ்சலின் கடைசியில், தன் கணக்குப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் இருப்பதாகவும், அவர் சீட்டை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டதாகவும் ஹெலன் எழுதியிருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகாத விஷயம் இப்போது இரண்டு கண்டங்களுக்குத் தெரியும். முடிச்சை வைத்தவரே கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் தர வேண்டும், அது வந்தால்தான் அதிகாரிகள் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பார்கள் என்றும் கேட்டிருந்தார்.

முதலாளி எழுந்து உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் போட்ட காப்பியைக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் வைத்தார். மரகதம்மா அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

“எழுது கண்ணு.”

எழுதினேன். கண்டெய்னரில் சில பொருள்கள் கவனக்குறைவால் இடம்பெற்றுவிட்டன என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அர்த்தம் சொல்லச் சொன்னார். சொன்னேன். “இடம்பெற்றுச்சா? அதுவா நடந்து போயி ஏறிக்கிச்சா?” என்றார். அடுத்த தாளில் எங்கள் ஊழியர் ஒருவர் என்று எழுதினேன். “ஆரு அந்த ஊழியரு? நானும் அவரப் பாக்கோணும்” என்றார். நான்காவது தாளில், நான் வைத்தேன், கூடாது என்று தெரிந்தே வைத்தேன், என் டிக்ளரேஷன் பொய், மரகதம்மா உட்பட வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று எழுதினேன். மரகதம்மா பெயர் எதற்கு என்று ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்குப் புரிந்திருக்காது. அது அவர்களுக்காக எழுதியதல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறிப்போன காப்பியை அப்போதுதான் எடுத்துக் குடித்தார்.

மருந்தடித்து, கண்டெய்னரை விடுவித்து, சரக்கு கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது விற்பனை தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. அதுவரை கம்பெனியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என்னை அனுப்பிவிடலாமா என்று முதலாளி கேட்டாராம்.

“வேண்டாமுங்க. இங்கியே இருக்கட்டும். தெனமும் எங்கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்” என்று மரகதம்மா சொல்லிவிட்டார். அது கருணை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஹெலன் மறுபடி ஆர்டர் கொடுத்தார். ஒப்பந்தத்தில் வழக்கமான பதிமூன்று நிபந்தனைகளுக்குக் கீழே பதினான்காவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். அனுப்புபவரின் ஊழியர்களோ அவர்களுடைய தாய்மார்களோ கண்டெய்னருக்குள் எந்த வேண்டுதலையும் வைக்கக் கூடாது. கூடவே ஒரு வரி, அந்தச் சீட்டில் கேட்டிருந்த மூன்றாவது விஷயம் கைகூடியதா என்று விசாரிப்பு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால், “ஒப்பந்தத்துல என்னையப் பத்தி எழுதியிருக்கறாங்களா!” என்று மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். மாமா ரொம்ப நேரம் சிரித்தது பக்கத்து அறை வரை கேட்டது. பெண் பார்க்கப் பெருந்துறைக்குப் போனபோது, காப்பித் தட்டோடு வந்தவள் முதலில் கேட்டதே, “மஞ்சக் கெழங்க மொளைக்க வெச்சது நீங்கதானுங்களா?” என்பதுதான். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். ஏற்றுமதிப் பிரிவுக்கு நான்தான் மேலாளர். புதிதாக யார் சேர்ந்தாலும் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்வேன். எல்லாரும் பதினான்காவதில் வந்து நின்று தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். “இது எதுக்குங் சார்?” என்பார்கள். அதற்குள் மரகதம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருப்பார்.

வருஷா வருஷம் கதை வளர்கிறது. விரல் நீள முளை ஒரு முழமாகி, இப்போது இலை விட்டுக் கதவிடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறது. போன மாதம் சேர்ந்த பெண்ணிடம், வண்டு பறந்து போய் அந்த நாட்டு அதிகாரியின் மூக்கிலேயே கடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் நம்ப முடியாமல் என் பக்கம் திரும்பி, “நெசமாலுமுங்களா சார்?” என்று கேட்டாள். மரகதம்மாவும் என்னைப் பார்த்தார். ஒன்றரை நாள் வாயைத் திறக்காமல் நின்றவனுக்கு இப்போது திறக்க என்ன யோக்கியதை இருக்கிறது.

“ஆமாம்மா, மூக்குலதான்” என்றேன்.